பழைய ரோம் காலக் கிறிஸ்தவ நாவலைத் தமிழுக்குக் கொண்டுவர: உரிமை தேடுவதில் தொடங்கி கன்னிமாராவுக்கு அனுப்புவது வரை

நீரோ காலத்து ரோமைப் பற்றிய ‘குவோ வாடிஸ்’, எருசலேமிலும் அந்தியோக்கியாவிலும் நடக்கும் ‘பென்-ஹர்’ போன்ற நாவல்களைப் படித்துவிட்டு, இதைத் தமிழில் முழுதாகக் கொண்டுவர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ‘குவோ வாடிஸ்’ வேலையில் இறங்கியபோது எது முதல், எது பிறகு, எதற்குப் பணம், எது இலவசம் என்று வரிசையாகச் சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை. ஒருவர் ‘புத்தக அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்குப் பணம் கட்டு’ என்றார். இன்னொருவர் ‘ஆயரிடம் அனுமதி வாங்கு’ என்றார். இரண்டுமே தேவையில்லை. நீங்கள் அந்த அலைச்சலைப் படாமல் இருக்க, நான் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகத் தருகிறேன்.

1. முதல் வரியை எழுதும் முன் உரிமையைப் பாருங்கள்

இந்த ஒரு படியைத் தள்ளிப்போட்டால் ஒரு வருட உழைப்பு அலமாரியில் முடங்கிவிடும். இந்தியாவில் ஒரு நூலின் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டுகள். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70 ஆண்டுகள். மலேசியாவில் 50. அமெரிக்காவில் பழைய நூல்களுக்குக் கணக்கே வேறு: ஆசிரியர் எப்போது இறந்தார் என்று பார்ப்பதில்லை, நூல் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் எண்ணுகிறார்கள்.

உதாரணங்களோடு பார்த்தால் எளிதாகப் புரியும். ‘பென்-ஹர்’ 1880ல் வந்தது, அதை எழுதிய லூ வாலஸ் 1905ல் இறந்தார். ‘குவோ வாடிஸ்’ எழுதிய ஹென்ரிக் சென்கியேவிச் 1916ல் இறந்தார். இரண்டையும் நீங்கள் எந்த நாட்டிலும் தயங்காமல் எடுக்கலாம்.

சிக்கல் அடுத்த தலைமுறை நாவல்களில் இருக்கிறது. இயேசுவின் அங்கியைச் சுற்றி எழுதப்பட்ட ‘தி ரோப்’ 1942ல் வெளியானது, ஆசிரியர் லாயிட் டக்ளஸ் 1951ல் இறந்தார். இந்தியச் சட்டப்படி 2012 ஜனவரியிலிருந்து அது பொது உரிமைக்கு வந்துவிட்டது, அதாவது யாரிடமும் அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். ஆனால் அமெரிக்கக் கணக்கில் 2037 முடியும் வரை உரிமை உண்டு. அதாவது, தமிழ்நாட்டில் அச்சிட்டு விற்கலாம். அதே மொழிபெயர்ப்பை உலகம் முழுவதும் விற்கும் மின்னூலாகப் போட்டால் அமெரிக்காவில் உரிமை மீறல் ஆகிவிடும். பேர் லாகர்க்விஸ்ட் எழுதிய ‘பரபாஸ்’ நாவலுக்கு இந்தியாவிலேயே 2034 முடியும் வரை உரிமை இருக்கிறது, ஏனென்றால் அவர் இறந்தது 1974ல்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தமிழ்நாடு அரசு சில எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்குவது தனி ஏற்பாடு. அயல்நாட்டு நாவல் எதற்கும் அந்தப் பட்டியலைத் தேடிப் பயனில்லை.

ஒரு கோப்புறை போட்டு, ஆசிரியர் இறந்த ஆண்டு, மூலம் வெளியான ஆண்டு, முதல் பதிப்பின் தலைப்புப் பக்க ஸ்கேன் ஆகிய மூன்றையும் அதில் சேர்த்து வையுங்கள். பதிப்பாளர் கேட்பார், மின்னூல் தளமும் கேட்கலாம். ஆர்க்கைவ் தளத்தில் பழைய பதிப்புகளின் ஸ்கேன் இலவசமாகவே கிடைக்கும்.

2. எந்தப் பிரதியிலிருந்து மொழிபெயர்க்கிறீர்கள்?

புதிதாக வருகிறவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்ளும் இடம் இது. ‘பென்-ஹர்’ ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டதால் அங்கே தொல்லையில்லை. ‘குவோ வாடிஸ்’ போலிஷ் மொழி நாவல். நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருவோம். மூலம் பொது உரிமையில் இருந்தாலும், ஆங்கில மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. கடையில் இப்போது கிடைக்கும் பதிப்பு அண்மையில் செய்த புது மொழிபெயர்ப்பாக இருந்தால், அதிலிருந்து தமிழாக்கம் செய்ய அந்த மொழிபெயர்ப்பாளரின் அனுமதி வேண்டும்.

பாதுகாப்பான வழி ஜெரமையா கர்ட்டின் 1896ல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அவர் 1906லேயே இறந்துவிட்டார். குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் முழுப் பிரதி இருக்கிறது. ஆங்கிலம் கொஞ்சம் பழையது, சில வாக்கியங்கள் கரடுமுரடாக இருக்கும். சந்தேகம் வரும் இடங்களில் போலிஷ் மூலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ‘வோல்னே லெக்டுரி’ என்ற போலிஷ் இலவச நூலகத்தில் அது உள்ளது. இயந்திர மொழிபெயர்ப்பில் அந்த ஒரு வாக்கியத்தைப் போட்டுப் பார்த்தாலே கர்ட்டின் எங்கே இறுக்கிப் பிடித்தார், எங்கே தளர்த்தினார் என்று தெரிந்துவிடும். மொத்த நாவலையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடாதீர்கள். நீரோவின் அரசவையைச் சேர்ந்த பெட்ரோனியஸ் கடைசியில் அவனுக்கு எழுதும் கடிதம் அந்த நாவலின் உச்சங்களில் ஒன்று. அதன் நயமான நஞ்சை ஒரு மனிதர் உட்கார்ந்துதான் தமிழில் இறக்க வேண்டும்.

புதுப் பதிப்புகளில் வரும் முன்னுரை, குறிப்புகள், ஓவியங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமை இருக்கும். கதையின் உரையைத் தவிர எதையும் எடுக்காதீர்கள். சுருக்கப் பதிப்பா என்பதையும் பாருங்கள். ‘குவோ வாடிஸ்’ முழுப் பிரதியில் 73 அத்தியாயங்களும் ஒரு பின்னுரையும் இருக்கும். ‘பென்-ஹர்’ எட்டுப் பாகங்கள். இதற்குக் குறைவாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

3. தமிழில் ஏற்கெனவே வந்திருக்கிறதா என்று தேடுங்கள்

சென்னையில் கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். நாவலின் பெயரை வைத்து மட்டும் தேடினால் கிடைக்காது. பழைய தமிழாக்கங்கள் வேறு தலைப்பில், சில சமயம் தழுவலாக வந்திருக்கும். ஆசிரியர் பெயரை விதவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுத் தேடுங்கள். கிடைத்தால் மனம் தளர வேண்டாம். மூலத்தை யார் வேண்டுமானாலும் மீண்டும் மொழிபெயர்க்கலாம். பழைய தமிழாக்கத்தின் வாக்கியங்களை எடுப்பதுதான் தவறு.

4. உரிமை உள்ள நாவல்தான் வேண்டும் என்றால்

மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஆசிரியருக்கோ குடும்பத்துக்கோ உருக்கமான கடிதம் எழுதிப் பெரும்பாலும் பதில் வருவதில்லை. அவர்களுக்கு வேண்டியது விவரம்: எந்த மொழி, எந்த நாடுகளில் விற்பனை, அச்சா மின்னூலா இரண்டுமா, எத்தனை பிரதி, உத்தேச விலை, எத்தனை ஆண்டுக்கு உரிமை, மொழிபெயர்ப்பாளரின் முந்தைய வேலைகள். இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

தனி மனிதராக எழுதுவதைவிட ஒரு தமிழ்ப் பதிப்பகத்தின் பெயரில் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு அதிகம். பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். சம்மதித்தால் முன்பணமும் விற்பனையில் பங்கும் கேட்பார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கியில் வருமான வரிப் படிவங்களும் ஆடிட்டர் சான்றிதழும் கேட்பார்கள், ராயல்டிக்கு இங்கேயே வரி பிடித்தம் செய்ய வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். முதல் முறை செய்கிறவர்களுக்கு என் யோசனை: பொது உரிமையில் உள்ள ஒன்றை எடுத்து முடியுங்கள். அனுமதி தேவைப்படும் நாவல் அடுத்ததாக இருக்கட்டும்.

5. நாள் கணக்கு

‘குவோ வாடிஸ்’ ஆங்கிலத்தில் இரண்டு லட்சம் சொற்களைத் தாண்டும். தினம் 800 சொல் மொழிபெயர்த்தாலே 250 வேலை நாட்கள். வேலைக்குப் போய்க்கொண்டே செய்கிறவர்களுக்கு ஒன்றரை வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு திருத்தம், மெய்ப்பு (பிழை பார்த்தல்), பக்க அமைப்பு, அச்சு எல்லாம் சேர்த்து இன்னும் ஆறு மாதம்.

சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவர நினைத்தால் செப்டம்பரில் இறுதிப் பிரதி கையில் இருக்க வேண்டும். நவம்பர், டிசம்பரில் அச்சகங்கள் எல்லாம் நிரம்பி வழியும். அந்த அவசரத்தில் மெய்ப்புத்தான் முதலில் பலியாகும். அதற்குப் பதில் காட்சியை விட்டுவிட்டு, தவக்காலத்துக்கோ ஈஸ்டருக்கோ கொண்டுவருவது இந்த வகை நாவலுக்கு இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து.

6. பெயர்ப்பட்டியலும் வேதாகமச் சொற்களும்

மொழிபெயர்ப்பைத் தொடங்கும் நாளிலேயே ஒரு எக்செல் தாள் திறந்துவிடுங்கள். ஆள், ஊர், பதவி, நாணயம், வீட்டின் பகுதி என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ஆங்கிலத்தில் வரும் வடிவம், நீங்கள் எடுத்த தமிழ் வடிவம், முதலில் வரும் அத்தியாயம். இந்தத் தாள் இல்லாவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் ‘டிகெலினஸ்’ ஆக இருந்தவர் ஐம்பதாம் அத்தியாயத்தில் ‘திஜெல்லினுஸ்’ ஆகிவிடுவார், வாசகர் வேறு ஆள் என்று நினைப்பார். ரோமானியர்களில் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் இருக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்தது, எந்தத் தமிழ் வேதாகமத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்ற முடிவு. இதை முதலிலேயே எடுத்தாக வேண்டும். சீர்திருத்த சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்தவருக்கு தேவன், கர்த்தர், ஞானஸ்நானம், சபை. கத்தோலிக்கருக்குக் கடவுள், ஆண்டவர், திருமுழுக்கு, திருச்சபை. பேதுருவும் பவுலும் இன்று இரு பக்கமும் பொது. ஆனால் பழைய கத்தோலிக்க நூல்களில் அவர்கள் இராயப்பர், சின்னப்பர். இரண்டையும் கலந்தால் இரு பக்க வாசகருக்கும் உறுத்தும். நான் பார்த்தவரை, கதை சொல்லும் நடையில் பொதுவான சொற்களை வைத்து, பாத்திரங்கள் வேதவாக்கியத்தைச் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு மொழிபெயர்ப்பை அப்படியே பின்பற்றுவது நன்றாக ஒத்துவருகிறது. அந்த மேற்கோள்கள் நீளமாக இருந்தால் வேதாகமத்தை வெளியிட்டவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தமிழ் வேதாகம மொழிபெயர்ப்புகளில் பல உரிமைக்கு உட்பட்டவை.

‘குவோ வாடிஸ்’ நாவலில் நீரோவை எல்லோரும் ‘சீசர்’ என்றே அழைப்பார்கள். நம் வாசகருக்குச் சீசர் என்றால் ஜூலியஸ் சீசர்தான். பழைய வேதாகமத்தில் உள்ள ‘இராயன்’ என்ற சொல்லும் இருக்கிறது. எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்திலேயே ஒரு அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

உறவுமுறையில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. கதாநாயகன் வினிசியஸ், பெட்ரோனியஸின் அக்காள் மகன். ஆங்கிலத்தில் வெறும் ‘அங்கிள்’ என்று போகும் உறவு தமிழில் தாய்மாமன், மருமகன் என்று துல்லியமாக வந்து உட்காரும். யார் யாரை ‘நீ’ என்பார்கள், யார் ‘நீங்கள்’, அரண்மனையில் யார் ‘தாங்கள்’ என்பதையும் அதே தாளில் ஒரு பத்தியில் குறித்து வையுங்கள். அடிமைகள் எசமானிடம் பேசுவது, கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் பேசுவது இரண்டும் வேறுபட்டு ஒலிக்க வேண்டும். புதிய விசுவாசத்தில் அடிமையும் பிரபுவும் ‘சகோதரரே’ என்று அழைத்துக்கொள்வதுதான் இந்தக் கதைகளின் உயிர். அங்கே மரியாதைச் சொல் தவறினால் காட்சியே விழுந்துவிடும்.

7. அடிக்குறிப்பு: எவ்வளவு, எங்கே

நான்கு செஸ்டெர்ஸ் ஒரு தினாரியஸ், 25 தினாரியஸ் ஒரு பொற்காசு. ரோமானிய மைல் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். பகல் பன்னிரண்டு மணியாகப் பிரிக்கப்படும், மூன்றாம் மணி என்றால் நம் காலை ஒன்பதை ஒட்டி. இந்த மாதிரித் தகவல்களை நூலின் தொடக்கத்தில் ஒரே பக்கத்தில் போட்டுவிட்டால் அடிக்குறிப்புகள் பாதியாகக் குறையும்.

நாவலாசிரியர் வரலாற்றில் தவறியிருந்தால் உரையைத் திருத்தாதீர்கள். ‘பென்-ஹர்’ கதாநாயகன் கப்பலில் அடிமையாகத் துடுப்பு வலிக்கிறான். உண்மையில் ரோமக் கடற்படையில் துடுப்பு வலித்தவர்கள் பெரும்பாலும் சுதந்திர மனிதர்கள். அதை ஒரு வரிக் குறிப்பில் சொன்னால் போதும். அதேபோல, அப்பியன் சாலையில் பேதுரு கிறிஸ்துவைச் சந்தித்து ‘ஆண்டவரே, எங்கே போகிறீர்?’ என்று கேட்கும் காட்சியைப் பலர் வேதாகமத்தில் தேடுவார்கள். அந்தச் சம்பவம் ‘பேதுருவின் பணிகள்’ என்ற, வேதாகமத்தில் சேராத பழைய நூலில் உள்ளது. கேள்வியின் சொற்கள் மட்டும் யோவான் 13:36ல் வருகின்றன. இதற்குக் கட்டாயம் குறிப்பு வேண்டும், இல்லாவிட்டால் கோபமான கடிதங்கள் வரும்.

அரங்கில் கிறிஸ்தவர்கள் கொல்லப்படும் பகுதிகள் படிக்கவே கடினமானவை. வெட்ட முடிவு செய்தால் அட்டையிலேயே ‘சுருக்கப்பட்ட பதிப்பு’ என்று போடுங்கள். வாங்குகிறவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

ஆயர் இல்லத்தின் அனுமதி முத்திரை நாவலுக்குத் தேவையில்லை. அது மறைக்கல்வி நூல், வழிபாட்டு நூல் போன்றவற்றுக்கான நடைமுறை. ஆனால் ஆதித் திருச்சபை வரலாறு தெரிந்த ஒரு குருவானவரோ போதகரோ ஒருமுறை வாசித்துத் தந்தால் பல தடுமாற்றங்கள் தீரும்.

8. எழுத்துரு, பக்க அமைப்பு, மெய்ப்பு

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பக்கம் அமைப்பவரிடம் கொடுக்கும்போது முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: ‘யூனிகோடிலேயே வைத்துச் செய்வீர்களா, பழைய எழுத்துருவுக்கு மாற்றுவீர்களா?’ நம் ஊரில் இன்னும் பலர் பழைய எழுத்துருக்களுக்கு மாற்றித்தான் வேலை செய்கிறார்கள். மாற்றும்போது கிரந்த எழுத்துகளும் மேற்கோள் குறிகளும் சிதறும். இந்த நாவல்களில் ஸ், ஷ், ஜ இல்லாத பக்கமே கிடையாது. அப்புறம் அந்தக் கோப்பிலிருந்து மின்னூலும் எடுக்க முடியாது, திருத்தம் எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்டு ரெடி’ அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோடு தமிழ் ஒழுங்காகவே வரும்.

முழு நூலையும் கொடுக்கும் முன் ஒரே ஒரு அத்தியாயத்தைப் பக்கம் அமைத்துப் பாருங்கள். அந்த அத்தியாயத்தின் சொல் எண்ணிக்கையை வைத்து மொத்தப் பக்கம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டுவிடலாம். டெம்மி என்ற வழக்கமான புத்தக அளவில் 600 பக்கத்தைத் தொடும் என்று எதிர்பாருங்கள்.

மெய்ப்பு குறைந்தது மூன்று சுற்று. முதல் சுற்று ஒற்றும் எழுத்துப் பிழையும், இரண்டாவது பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டு, மூன்றாவது பக்கம் அமைத்த பிறகு தாளில் எடுத்து. மூன்றும் ஒரே ஆள் செய்யக் கூடாது. மெய்ப்புக்குப் பக்கக் கணக்கில் கூலி பேசும்போது எத்தனை சுற்று என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

9. அட்டைப்படம்

நீரோ காலக் கதைக்கு ஓவியர் கொலோசியத்தை வரைந்து கொடுப்பார், ஏறக்குறைய நிச்சயம். ரோம் எரிந்தது கி.பி. 64ல். கொலோசியம் திறக்கப்பட்டது 80ல். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பழைய ஹாலிவுட் படங்களின் காட்சிகளை எடுக்காதீர்கள். 1951ன் ‘குவோ வாடிஸ்’, 1959ன் ‘பென்-ஹர்’ இரண்டுக்கும் அமெரிக்காவில் உரிமை உயிரோடு இருக்கிறது. அதைவிட நல்ல வழி 19ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். போலந்து ஓவியர் சிமிராட்ஸ்கி 1876ல் வரைந்த ‘நீரோவின் தீப்பந்தங்கள்’ இந்தக் கதைக்கே வரைந்தது போல இருக்கும். ஜெரோம் வரைந்த ‘கிறிஸ்தவ இரத்தசாட்சிகளின் கடைசி ஜெபம்’ பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர்கள் தரும் உயர்தரப் படத்தை இலவசமாகவே பயன்படுத்தலாம். பதிவிறக்கும் நாளில் உரிமை விவரப் பக்கத்தையும் சேமித்து முதல் படியில் சொன்ன கோப்புறையில் போடுங்கள்.

10. ஐஎஸ்பிஎன்: கட்டணம் இல்லை

இந்தியாவில் இதைத் தருவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் ஏதும் இல்லை. ‘நாங்கள் வாங்கித் தருகிறோம்’ என்று பணம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பெயரில் உள்ள எண்ணைத்தான் தருவார்கள். அப்போது பதிவேட்டில் உங்கள் புத்தகத்துக்குப் பதிப்பாளர் அவர்களாகிவிடுவார்கள்.

அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம் அல்லது அட்டை மாதிரி ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். பதிப்பகப் பெயரில் விண்ணப்பித்தால் அதன் பதிவு ஆவணங்களும் தேவை. எல்லாவற்றிலும் உங்கள் பெயரின் எழுத்துக்கூட்டல் ஒன்றாக இருக்கட்டும். இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் இன்னொன்றிலும் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். அச்சுக்குப் போக இரண்டு மாதம் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். இரண்டு பாகமாகத் தனித்தனியே விற்பதானால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டும், மின்னூலுக்கும் தனி.

மொழிபெயர்ப்புக்குப் பதிப்புரிமைப் பதிவு கட்டாயம் இல்லை. எழுதி முடித்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு செய்ய விரும்பினால் இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம், ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திருப்பு. மூலம் பொது உரிமையில் இருக்கிறது என்பதைக் காட்ட அதே கோப்புறை உதவும்.

11. அச்சுச் செலவு

புத்தகம் 16 பக்கப் பாரங்களாக அச்சாகும். ஆகவே பக்க எண்ணிக்கையை 16ன் மடங்காக்குங்கள். 602 பக்கம் வந்தாலும் 608க்குத்தான் காசு.

பக்கக் கூலியில் பத்துப் பைசா வித்தியாசம் சின்னதாகத் தெரியும். 608 பக்கத்தில் அது பிரதிக்கு 60 ரூபாய் 80 பைசா, 300 பிரதிக்கு 18,240 ரூபாய். ஆகவே குறைந்தது மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். விலைப்புள்ளியில் தாளின் கனம், அட்டைத் தாள், லேமினேஷன், கட்டு, ஜிஎஸ்டி, வண்டி வாடகை அத்தனையும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். அச்சுப் புத்தகத்தை விற்கும்போது ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் அச்சகம் உங்களுக்குத் தரும் பில்லில் வரி இருக்கும்.

கட்டு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். இவ்வளவு கனமான புத்தகத்தைப் பசை மட்டும் வைத்து ஒட்டினால் இரண்டாவது வாசகர் கையில் பக்கங்கள் உதிரும். நூல் தையல் போடச் சொல்லுங்கள், அல்லது இரண்டு பாகமாக்குங்கள். பத்து, இருபது பிரதிக்குத் தேவைக்கேற்ற அச்சு சரி. சில நூறு பிரதி என்றால் ஆஃப்செட்டில் விசாரியுங்கள்.

விலை வைக்கும்போது கடைக்காரர் கழிவை மறக்க வேண்டாம். பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம் கேட்பார்கள். பாரிஷ் ஸ்டால்கள், ஆலயத் திருவிழாக்கள், கிறிஸ்தவப் புத்தகக் கடைகள் இந்த நாவல்களுக்கு நல்ல இடங்கள். அங்கே நேரில் பேசினால் கழிவு குறையும்.

12. பதிப்பகத்தோடு ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு போதாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்கவில்லை என்றால் ஐந்து ஆண்டு, நாடு குறிக்கவில்லை என்றால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். ‘எல்லா உரிமைகளும், என்றென்றைக்கும், உலகம் முழுவதும்’ என்ற வாசகம் கண்ணில் பட்டால் பேனாவைக் கீழே வையுங்கள். அச்சு உரிமை தனி, மின்னூல் தனி, ஒலிநூல் தனி என்று பிரித்து எழுதுங்கள். ஒலிநூலுக்கு இப்போது கேட்பவர்கள் கூடியிருப்பதால் அதை இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். காசு கொடுத்துப் பக்கம் அமைத்தால், அச்சுக்கோப்போடு திருத்தக்கூடிய மூலக்கோப்பும் உங்களுக்கு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுங்கள். பின்னால் கேட்டால் தனி விலை சொல்வார்கள்.

13. கிண்டில் மின்னூல்

அமேசானின் கிண்டில் தளத்தில் தமிழ் மின்னூல் போடக் கட்டணம் இல்லை. பான் எண், வங்கிக் கணக்கு, வரி விவரப் படிவம் வேண்டும். இந்திய வரி எண்ணைக் கொடுத்து வரி ஒப்பந்த நாடு என்று குறித்தால் அமெரிக்க விற்பனைக்கான பிடித்தம் 30லிருந்து 15 சதவீதமாகக் குறையும். பொது உரிமை நூல் என்றால் புது மொழிபெயர்ப்பு போன்ற தனித்தன்மை இருந்தால்தான் ஏற்பார்கள். மூல ஆசிரியர் இறந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்டு மின்னஞ்சல் வரலாம். உடனே பதில் எழுத அந்தக் கோப்புறை கையில் இருக்கட்டும்.

14. அச்சான பிறகு

வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி ஆகிய மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தன் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் இது. நீங்களே வெளியிட்டால் பதிப்பாளர் நீங்கள்தான். அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கும்போதே இந்த நான்கு பிரதிகளைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள். தபால் ரசீதையும் நூலகம் தரும் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் நூலக ஆணைக்கு (அரசு நூலகங்கள் புத்தகம் வாங்கும் ஆணை) விண்ணப்பிக்கும்போது தேவைப்படலாம்.

பதிப்பு விவரப் பக்கத்தில் மூல ஆசிரியர், மூலம் வெளியான ஆண்டு, எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாகத் தமிழுக்கு வந்தது என்ற மூன்றும் இருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன் கடைசியாக ஒருமுறை பாருங்கள். நூற்றாண்டுக்கு முன் இறந்துபோன கர்ட்டினின் பெயரைப் போட யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள்.